படகு விளையாட்டுக்குள் லுவா: மீனும் காற்றும் தடைக்காலமும் ஸ்கிரிப்டுக்குப் போன கதை

இப்போது லுவா என்ற சிறு ஸ்கிரிப்ட் மொழியில் எழுதிய ஒரு எழுத்துக் கோப்பை 'சேர்க்கைகள்' கோப்புறையில் போட்டுவிட்டு எங்கள் மீன்பிடிப் படகு விளையாட்டைத் திறந்தால் போதும். புது மீன் வலையில் விழுகிறது, புது காற்று அடிக்கிறது. சி++ மூலத்தைத் தொட வேண்டியதில்லை, கம்பைலரும் வேண்டியதில்லை. கோப்பு முழுவதும் தமிழில். இந்த நிலைக்கு வந்த வழியைக் கட்டம் கட்டமாக எழுதி வைக்கிறோம். வேறு யாராவது தங்கள் ஊர்க் கரையை வைத்து விளையாட்டு செய்தால் இதே இடங்களில்தான் தட்டுப்படும்.

விளையாட்டு எளிமையானது. தொண்டியில் தொடங்கி மண்டபம், பாம்பன் வழியாக மூக்கையூர் வரை வரைபடம். வத்தை, நாட்டுப்படகு, விசைப்படகு மூன்றில் ஒன்றை எடுத்துக்கொண்டு வலை போட்டு, மீனைக் கரை சேர்த்து ஏலம் விட வேண்டும். எஸ்டிஎல்2 என்ற விளையாட்டு லைப்ரரி மேல் சி++17 மொழியில் எழுதியது. சிக்கல் விளையாட்டின் விதிகளில் இருந்தது. கச்சான் காற்று அடிக்கும்போது தென்கடல் (மன்னார் வளைகுடா) கொந்தளிக்கும், வடகடல் (பாக் விரிகுடா) அடங்கிக் கிடக்கும். வாடைக் காற்று தொடங்கினால் அப்படியே மாறும். விசைப்படகுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை. 2017க்கு முன்பு அது மே 29 வரை 45 நாள்தான். கடல் அட்டை வலையில் வந்தால் திரும்பக் கடலிலேயே விட வேண்டும், 2001 முதல் அது வனவிலங்குச் சட்டப் பாதுகாப்பில் இருக்கிறது. இவையெல்லாம் சி++ உள்ளே 'இஃப்' கூட்டமாக இருந்தன. கடலை அறிந்தவர் ஒருவர் "இந்த மாதத்தில் அந்த மீன் அங்கே வராது" என்று சொன்னால், அதைத் திருத்த நிரல் எழுதத் தெரிந்த ஒருவர் உட்கார வேண்டியிருந்தது. அறிவு ஒருவரிடம், திருத்தும் வசதி இன்னொருவரிடம். இந்த இடைவெளியை மூடுவதுதான் வேலை.

முதலில் முயன்றது ஜேசன் கோப்பு, அதாவது தரவைப் பெயரும் மதிப்புமாக எழுதும் வடிவம். மீன் பெயர், எடை, கிலோ விலை, கிடைக்கும் ஆழம் போன்றவற்றுக்கு அது நன்றாகவே பொருந்தியது. விதிகளுக்கு வந்ததும் உடைந்தது. "வாடை, அதோடு வடகடல், அதோடு சிறு படகு" என்ற நிபந்தனையை ஜேசனில் எழுத 'நிபந்தனைகள்', 'எல்லாம்', 'ஏதாவது' என்று சாவிகள் பெருகின. அவற்றைப் படித்துப் புரிந்துகொள்ளும் சி++ பகுதி, நாளுக்கு நாள் ஒரு அரைகுறை மொழியாக மாறிக்கொண்டிருந்தது. ஜேசனில் கணக்குப் போடவும் முடியாது, குறிப்பு எழுதவும் முடியாது. தரவுக் கோப்பில் நிபந்தனை நுழையத் தொடங்கிய அன்றே ஒரு முழு ஸ்கிரிப்ட் மொழிக்கு மாறிவிடுவது நல்லது.

லுவாவை எடுத்ததற்குக் காரணம், இன்னொரு நிரலுக்குள் உட்காருவதற்கென்றே அது அமைந்த விதம். பிரேசிலில் 1993ல் பிறந்த மொழி, எம்ஐடி உரிமம், கட்டணம் இல்லை. இயங்கு கோப்பில் சுமார் 300 கேபி கூடுகிறது, அவ்வளவுதான்.

கட்டுவது. லுவா 5.4 மூலத்தை இறக்கி, அதன் மூலக் கோப்புறையை அப்படியே நம் திட்டத்துக்குள் வைத்தோம். அதில் தனி இயக்கிக்கான கோப்பும் லுவாக் கம்பைலருக்கான கோப்பும் இரண்டு தனித்தனி 'மெயின்' வைத்திருக்கும். அவற்றை விட்டுவிட்டு மற்ற எல்லா சி கோப்புகளையும் கட்ட வேண்டும். சி ஆகக் கட்டுவதா, சி++ ஆகவா என்பது முக்கியமான முடிவு. சி ஆகக் கட்டினால் லுவா தன் பிழைகளை 'லாங்ஜம்ப்' (இடையில் உள்ள ஃபங்ஷன்களைத் தாண்டும் சி குதிப்பு) வழியாக வீசும். நடுவில் இருக்கும் நம் சி++ ஃபங்ஷன்களின் டிஸ்ட்ரக்டர்கள் (முடிவில் சுத்தம் செய்யும் பகுதிகள்) ஓடாமல் தாண்டிப் போய்விடும். ஸ்டிரிங், வெக்டர் எல்லாம் மெமரியில் தங்கிவிடும், பூட்டிய மியூடெக்ஸ் பூட்டியபடியே நிற்கும். சி++ கம்பைலரான ஜி++ கொண்டு கட்டினால் லுவா தானாகவே சி++ எக்செப்ஷனுக்கு மாறிக்கொள்கிறது, டிஸ்ட்ரக்டர்களும் ஓடும். அப்படிக் கட்டும்போது 'லுவா.ஹெச்பிபி' என்ற தலைப்புக் கோப்பைச் சேர்க்கக் கூடாது. அது எல்லாவற்றையும் சி பெயர்களாக அறிவிக்கும், கட்டிய துண்டுகளை இணைக்கும் லிங்கர் ஒரு ஃபங்ஷனைக்கூடக் கண்டுபிடிக்காது. 'லுவா.ஹெச்', 'லாக்ஸ்லிப்.ஹெச்', 'லுவாலிப்.ஹெச்' மூன்றையும் நேரடியாகச் சேர்க்க வேண்டும்.

இதே இடத்தில் 'லுவா_யூசிஐடி' என்ற மேக்ரோவை (கட்டும்போது கொடுக்கும் அமைப்பை) 1 என்று கொடுத்தோம். இயல்பாக லுவா 5.4 மாறிப் பெயர்களில் ஆங்கில எழுத்தை மட்டுமே ஏற்கும். இந்த மேக்ரோ இருந்தால் ஆஸ்கிக்கு (அடிப்படை ஆங்கில எழுத்துத் தொகுதிக்கு) வெளியே உள்ள எல்லா பைட்டுகளையும் எழுத்தாகவே எடுத்துக்கொள்ளும். மெய், உயிர்க்குறி, புள்ளி எல்லாம் தடையின்றிப் பெயருக்குள் வரும். விளையாட்டுக்கு வெளியே சோதித்துப் பார்க்கத் தனி லுவா இயக்கியையும் இதே மேக்ரோவுடன் கட்டி வைக்க வேண்டும், ஆயத்தமாகக் கிடைக்கும் லுவா இந்தக் கோப்புகளை ஏற்காது. விஎஸ் கோடு எடிட்டரில் லுவா லாங்குவேஜ் சர்வர் போட்டிருந்தால் யூனிகோட் பெயர்களை அனுமதிக்கும் அமைப்பைத் திறந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கோப்பு முழுக்கச் சிவப்புக் கோடு விழும்.

அடுத்தது மொழியின் 22 ஒதுக்கப்பட்ட சொற்கள். பெயர்கள் தமிழாகி, நடுவே ஆங்கிலச் சொற்கள் நின்றால் ஒவ்வொரு வரியிலும் கீபோர்டை மாற்ற வேண்டியிருக்கிறது. ஃபோனில் தட்டச்சு செய்பவருக்கு அது பெரிய தொல்லை. லுவாவின் லெக்சர் (மூலத்தைச் சொற்களாகப் பிரிக்கும் பகுதி) கோப்பில், தொடக்கத்தில் ஒருமுறை ஓடும் ஃபங்ஷன் ஒவ்வொரு ஒதுக்கப்பட்ட சொல்லையும் ஸ்டிரிங்காக உருவாக்கி, குப்பை சேகரிப்பு (பயன்படாத மெமரியை விடுவிப்பது) அதைத் தொடாதபடி நிலைநிறுத்தி, அதன் 'எக்ஸ்ட்ரா' புலத்தில் வரிசை எண்ணை எழுதுகிறது. அதே வளையத்துக்குக் கீழே தமிழ்ச் சொற்களுக்கும் அதே வரிசை எண்ணை எழுதும் இன்னொரு வளையம் சேர்த்தோம். ஆங்கிலச் சொற்களும் தொடர்ந்து வேலை செய்யும். ஒரு வரம்பு உண்டு: இந்த முறை 40 பைட்டுக்குள் அடங்கும் குறு ஸ்டிரிங்குகளுக்கு மட்டும்தான். தமிழில் ஒரு குறியீட்டுப் புள்ளிக்கு 3 பைட், எனவே 13 புள்ளிகள்தான் கொள்ளும். 'இல்லையென்றால்' சரியாக 13 புள்ளி, 39 பைட், மயிரிழையில் நுழைந்தது. அதற்கு மேல் நீண்ட சொல்லைக் கொடுத்தால் எந்தப் பிழையும் காட்டாமல் சாதாரணப் பெயராகவே எடுத்துக்கொள்ளும்.

ஒதுக்கிய சொல்லை மாறிப் பெயராகவோ, டேபிளில் புள்ளிக்குப் பின்னாலோ போட முடியாது. 'லோக்கல்' என்பதற்கு முதலில் 'உள்ளூர்' என்று வைத்தோம். சந்தை விலைக்கான ஸ்கிரிப்ட் எழுதியவர்கள் உள்ளூர், வெளியூர் என்றுதான் இயல்பாகப் பெயரிட்டார்கள், உடனே முட்டியது. 'தனி' என்று மாற்றியதும் தீர்ந்தது. கரையில் புழங்கும் சொற்களை விலக்கிவிட்டு எஞ்சியதிலிருந்து தேர்ந்தெடுப்பதே பாதுகாப்பு. தடைக்கால விதி இப்போது இப்படி நிற்கிறது:

செயல் தடைக்காலமா(மாதம், நாள்)
    தனி எண் = மாதம் * 100 + நாள்
    கொடு எண் >= 415 மற்றும் எண் <= 614
முடி

செயல் கடலுக்குப்_போகலாமா(படகு, மாதம், நாள்)
    பார் படகு.வகை == "விசைப்படகு" மற்றும் தடைக்காலமா(மாதம், நாள்) எனில்
        கொடு பொய், "தடைக்காலம்"
    முடி
    பார் காற்று() == "வாடை" மற்றும் படகு.கடல் == "வடகடல்" எனில்
        கொடு பொய், "வாடையில் வடகடல் கலங்கியிருக்கிறது"
    முடி
    கொடு மெய்
முடி

தேதியை 415, 614 என்று ஒரே எண்ணாக்கியது காரணத்தோடுதான். மாதத்தையும் நாளையும் தனித்தனியே ஒப்பிட்டு, "மாதம் 4 முதல், நாள் 15 முதல்" என்று எழுதினால் மே 1 முதல் 14 வரை தடை இல்லாமல் போய்விடும். புதிதாக எழுதுபவர் பலரும் முதலில் அப்படித்தான் எழுதுகிறார்கள்.

பாலம். சி++ பக்கமும் லுவா பக்கமும் பேசிக்கொள்வது ஒரு ஸ்டாக் (மதிப்புகளின் அடுக்கு) வழியாக. ஒரு மதிப்பை ஏற்றினால் இறக்க வேண்டும். ஒவ்வொரு ஃபிரேமிலும் ஒரே ஒரு மதிப்பை இறக்காமல் விட்டால் நொடிக்கு 60 வீதம் சேரும். நம் ஃபங்ஷனுக்கு உறுதியாகக் கிடைப்பது 20 இடம்தான். அதைத் தாண்டி, இடம் கேட்காமல் ஏற்றினால் பக்கத்து மெமரி கெடும், நிரல் முறிந்து விழுவது சம்பந்தமே இல்லாத வேறு இடத்தில் இருக்கும். இரண்டு காப்புகள் போதும்: சோதனைக் கட்டில் 'லுவா_யூஸ்_ஏபிஐசெக்' மேக்ரோவைத் திறந்து வைப்பது, அழைப்புக்கு முன்னும் பின்னும் ஸ்டாக்கின் உயரத்தை ஒப்பிட்டு 'அசெர்ட்' போடுவது.

படகையும் மீன் கூட்டத்தையும் ஸ்கிரிப்டுக்குப் பாயிண்டராக (மெமரி முகவரியாக) கொடுக்கக் கூடாது. ஸ்கிரிப்ட் அதை மாறியில் வைத்துக்கொண்டிருக்கும்போதே விளையாட்டு அந்தப் படகை அழித்துவிடலாம். 32 பிட் இட எண், அந்த இடம் வேறு பொருளுக்குப் போனால் மாறும் 32 பிட் தலைமுறை எண் இரண்டையும் யூசர்டேட்டாவில் (சி++ தரவை லுவாவுக்குள் வைக்கும் பெட்டியில்) வைத்துக் கொடுக்கிறோம். ஒவ்வொரு தொடுகையிலும் தலைமுறை பொருந்துகிறதா என்று பார்த்து, பொருந்தாவிட்டால் "இந்தப் படகு இப்போது இல்லை" என்று வரி எண்ணோடு பிழை சொல்கிறோம்.

ஸ்கிரிப்ட் அழைப்பு ஒவ்வொன்றும் 'பிகால்' (பிழையைப் பிடித்துக்கொள்ளும் அழைப்பு) வழியாக, பிழை வந்த வழியைக் காட்டும் டிரேஸ்பேக் கையாளியோடு போகிறது. பிழை வந்தால் அந்தச் சேர்க்கை மட்டும் நின்றுவிடும், விளையாட்டு ஓடும். பிழைச் செய்தியில் லுவா தன் ஆங்கிலச் சொற்களையே காட்டும், 'முடி' விட்டுப்போனால் 'எண்ட்' எதிர்பார்க்கப்பட்டது என்கிறது. அடிக்கடி வரும் செய்திகளுக்குத் தமிழ் அட்டவணை ஒன்று வைத்து, கோப்பின் பெயரும் வரி எண்ணும் சேர்த்துத் திரையில் காட்டுகிறோம். திரையில் தமிழ் ஒழுங்காக வர எஸ்டிஎல் டிடிஎஃப் லைப்ரரியை ஹார்ஃப்பஸ் (எழுத்துகளைச் சரியாக அடுக்கும் லைப்ரரி) சேர்த்துக் கட்ட வேண்டும். சேர்க்காவிட்டால் 'கெ', 'கே', 'கை' ஆகியவற்றில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும்.

ஒவ்வொரு சேர்க்கைக்கும் தனிச் சூழல் டேபிள், அதாவது அதன் பொதுப் பெயர்கள் தங்கும் இடம். கோப்பை ஏற்றியதும் அதன் முதல் அப்வேல்யூவாக (ஃபங்ஷனோடு ஒட்டியிருக்கும் மாறியாக) சூழலை வைக்க வேண்டும். இணையத்தில் கிடைக்கும் பழைய எடுத்துக்காட்டுகள் 'செட்ஃபென்வ்' என்று காட்டும். அது 5.1 காலத்தது, 5.2 முதல் இல்லை. தனிச் சூழல் இல்லாவிட்டால் இரண்டு பேர் 'விலை' என்று எழுதினால் பின்னால் வந்தது முன்னால் வந்ததை அழித்துவிடும்.

பூட்டு. அறிமுகமில்லாதவர் எழுதிய கோப்பும் ஓடப்போகிறது. எல்லா லைப்ரரியையும் ஒரே அழைப்பில் திறக்காமல் அடிப்படை, டேபிள், ஸ்டிரிங், கணிதம், யூடிஎஃப்8, கோரூட்டீன் மட்டும் திறந்தோம். கோப்பு, இயங்குதளம், டீபக் மூன்றும் இல்லை. அடிப்படையிலிருந்தும் 'டூஃபைல்', 'லோடுஃபைல்', 'லோடு' எடுத்தாயிற்று. ஏற்றும் முறையை எழுத்து மட்டும் என்று கட்டாயப்படுத்த வேண்டும், ஏனென்றால் திட்டமிட்டுக் கெடுத்த பைட்கோடு (முன்பே கம்பைல் செய்த வடிவம்) இயக்கியையே வீழ்த்தும். முடியாத வளையத்துக்கு எதிராக 10,000 கட்டளைக்கு ஒருமுறை கூப்பிடும் கவுண்ட் ஹுக். நேரம் தாண்டியிருந்தால் அங்கிருந்தே பிழை வீசும். ஆனால் ஸ்கிரிப்டிடமே 'பிகால்' இருந்தால் அந்தப் பிழையைப் பிடித்துவிட்டு வளையம் தொடரும். எனவே ஸ்கிரிப்ட் பக்கத்தில் 'பிகால்', 'எக்ஸ்பிகால்' இரண்டையும் நீக்கினோம்.

ஹுக் எண்ணுவது லுவா கட்டளைகளை மட்டும். ஒரு ஸ்டிரிங்கைப் பலமுறை அடுக்கும் 'ஸ்டிரிங்.ரெப்' ஒரே அழைப்பில் பல நூறு எம்பி கேட்கும், அதை ஹுக் தடுக்காது. சூழலில் மட்டும் அதை நீக்கினால் போதாது, எந்த ஸ்டிரிங்கிலிருந்தும் முக்காற்புள்ளி போட்டு அழைக்கலாம். ஸ்டிரிங் டேபிளிலிருந்தே எடுக்க வேண்டும். கூடவே 32 எம்பி வரம்பு வைத்த சொந்த அலொகேட்டர் (மெமரி ஒதுக்கும் ஃபங்ஷன்). இதில் கணக்குப் பிசகும் இடம் ஒன்று உண்டு: பழைய பாயிண்டர் வெறுமையாக இருக்கும்போது 'பழைய அளவு' என்ற இடத்தில் வருவது அளவே இல்லை, உருவாக்கப்படும் பொருளின் வகை எண். அதைக் கழித்தால் மொத்தக் கணக்கும் மெல்ல மெல்லக் கோணும்.

இனி வருவதுதான் அதிக நேரம் தின்ற பகுதி, தமிழ் எழுத்தே மையமாக இருப்பதால் யாரும் எழுதி வைக்காத பகுதியும்கூட.

'கொண்டல்' காற்றுக்கு எழுதிய விதி ஓடவே இல்லை. 'சோழகம்' விதியும் அப்படியே. வாடையும் கச்சானும் சரியாக இருந்தன. காரணம் ஒகர, ஓகாரக் குறிகள். 'ொ' என்பதை ஒரே குறியீடாகவும் எழுதலாம், கொம்பு, கால் என்று இரண்டு குறியீடாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான். முதல் வகையில் 'கொண்டல்' 21 பைட், இரண்டாம் வகையில் 24. லுவா பைட்டை மட்டுமே ஒப்பிடும், எனவே அவை இரண்டு வேறு பெயர்கள். எந்தக் கீபோர்டு எதைத் தரும் என்று நம்ப முடியாது. தீர்வு, கோப்பை லுவாவிடம் கொடுப்பதற்கு முன் பைட் அளவில் ஒருமைப்படுத்துவது (இனி வருபவை எழுத்துகளின் யூனிகோட் எண்கள்): 0பிசி6, 0பிபிஇ சேர்ந்து வந்தால் 0பிசிஏ; 0பிசி7, 0பிபிஇ வந்தால் 0பிசிபி; 0பிசி6, 0பிடி7 வந்தால் 0பிசிசி; 0பி92, 0பிடி7 வந்தால் 0பி94. நாற்பது வரிக்குள் முடியும், பெரிய லைப்ரரி வேண்டாம். ஔகாரக் குறிக்குப் பதில் 'ள' எழுத்தையே தட்டுபவர்களை மட்டும் இப்படித் திருத்த முடியாது, அது முறையான வேறு சொல்லாகவும் இருக்கலாம்.

அடுத்தது பைட் வரிசைக் குறி, அதாவது சில எடிட்டர்கள் கோப்பின் தலையில் போடும் 3 பைட். கோப்பிலிருந்து நேராக ஏற்றும் ஃபங்ஷன் அதைத் தாண்டிவிடும். ஒருமைப்படுத்துவதற்காக நாம் கோப்பைப் படித்து பஃபராக ஏற்றுகிறோம், அங்கே தாண்டாது. யூசிஐடி மேக்ரோவும் இருப்பதால் அந்த 3 பைட்டும் எழுத்தாகிவிடும். முதல் வரியில் 'மீன் = {}' என்று இருந்தால் பிழையே வராது, கண்ணுக்குத் தெரியாத தலை ஒட்டிய வேறொரு 'மீன்' உருவாகும். உடையா வெற்றிடம், சுழி அகல இணைப்பான்கள் (கண்ணுக்குத் தெரியாத குறிகள்), ஃபோனும் வேர்ட் செயலியும் தானாக மாற்றும் வளைந்த மேற்கோள் குறி எல்லாம் இதே வகை. வளைந்த குறிக்குள் எழுதிய “வாடை” ஒரு ஸ்டிரிங்காக இல்லாமல் குறியோடு சேர்ந்த மாறிப் பெயராகிறது, அதன் மதிப்பு வெறுமை. வரிசைக் குறியையும் இணைப்பான்களையும் நீக்குகிறோம், உடையா வெற்றிடத்தைச் சாதாரண வெற்றிடமாக்குகிறோம். வளைந்த மேற்கோளை மட்டும் நாமே மாற்றுவதில்லை. ஸ்டிரிங்குக்குள் யாராவது அதை வேண்டுமென்றே எழுதியிருந்தால் ஸ்டிரிங் பாதியில் உடையும். வரி எண்ணைச் சொல்லிக் கோப்பை மறுப்பதே நல்லது.

இத்தனைக்கும் மேல் ஒரு வலை: அறிவிக்காத பெயரைப் படித்தால் வெறுமை கொடுக்காமல் பிழை சொல்லும் மெட்டாடேபிள். ன, ண மயக்கமும் ர, ற மயக்கமும் ல, ள மயக்கமும் உடனே சிக்குகின்றன. 'கனவாய்' என்று எழுதினால், ஓரெழுத்து மட்டும் வேறுபடும் பெயரைத் தேடி "கணவாய் என்பதா?" என்று கேட்கும் சிறு தேடலும் சேர்த்திருக்கிறோம். இந்தத் திட்டத்திலேயே எழுதுபவர்களுக்கு மிகுந்த பயன் தந்த சில வரிகள் இவைதான்.

நீளம் எண்ணுவதும் கவனிக்க வேண்டியது. 'கடல்' என்பதற்கு நீள அடையாளம் (#) 12 தரும், யூடிஎஃப்8 லைப்ரரி 4 தரும், கண்ணுக்கு 3 எழுத்து. படகுப் பெயர்ப் பலகையை 20 பைட்டில் வெட்டினால் 'பாம்பன்' 21 பைட், கடைசிப் புள்ளி சிதைந்த பைட்டாகும். 0பிபிஇ முதல் 0பிசிடி வரையும் 0பிடி7உம் முன்னெழுத்தோடு ஒட்டும் என்ற விதியில் 'எழுத்தெண்ணிக்கை' என்ற ஃபங்ஷனை நாமே கொடுத்தோம்.

காத்திருப்பவற்றுக்குக் கோரூட்டீன், அதாவது பாதியில் நின்று பிறகு தொடரும் ஃபங்ஷன். பாம்பனில் 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தின் 72.5 மீட்டர் தூக்குப் பகுதி 17 மீட்டர் மேலே போகும். உயரமான கலம் அதுவரை நிற்க வேண்டும். "காத்திரு(20)" என்று ஒரே வரியில் எழுத முடிவது ஸ்கிரிப்ட் எழுதுபவருக்குப் பெரிய வசதி. சி++ பக்கத்தில் 'லுவா_யீல்டு' ஃபங்ஷனின் கடைசி ரிட்டர்னாகவே இருக்க வேண்டும். டேபிளை வரிசைப்படுத்தும் ஒப்பீட்டு ஃபங்ஷனுக்குள் காத்திருக்க முடியாது, சி எல்லையைத் தாண்ட முடியாதென்று பிழை வரும். 5.4ல் 'லுவா_ரெஸ்யூம்' கூடுதலாக ஒரு அளவுரு கேட்கும், 5.3 எடுத்துக்காட்டைப் பார்த்து எழுதினால் கம்பைல் ஆகாது.

வேகத்தில் பெரிய சிக்கல் வரவில்லை, ஒரு மாற்றம் செய்த பிறகு. முதலில் ஒவ்வொரு மீன் கூட்டத்துக்கும் ஃபிரேம்தோறும் ஸ்கிரிப்டைக் கூப்பிட்டோம். ஒவ்வொரு அழைப்பும் புது டேபிள் உருவாக்கியதால் குப்பை சேகரிப்பு நடுநடுவே 16.6 மில்லிநொடியைத் தாண்டி இழுத்தது. காற்றும் நீரோட்டமும் ஃபிரேமுக்கு ஃபிரேம் மாறுவதில்லை. அழைப்பை நொடிக்கு ஒருமுறை ஆக்கி, இடையில் நகர்த்துவதை சி++ஸே பார்த்துக்கொள்ளும்படி விட்டதும் இழுப்பு நின்றது.

மீண்டும் கட்டினால் வரிசையை மாற்றுவோம். ஒருமைப்படுத்தலும் அறிவிக்காத பெயர்ப் பிழையும் முதல் நாளே வர வேண்டும், பாலம் பிறகு. ஒரே லுவா நிலையில் பல சூழல் வைத்திருப்பதால் 32 எம்பி வரம்பு எல்லாருக்கும் பொது. ஒருவர் தின்று தீர்த்தால் அடுத்து ஒரு சிறு டேபிள் கேட்டவர் மீது பிழை விழுகிறது. வெற்று நிலை ஒன்றுக்குச் சில பத்து கேபிதான் செலவு, சேர்க்கைக்கு ஒன்றாகவே கொடுத்துவிடலாம். ஒவ்வொரு கோப்பின் தலையிலும் 'பதிப்பு = 1' என்ற வரியைக் கட்டாயமாக்க வேண்டும். 'காற்று()' இப்போது பெயரை மட்டும் தருகிறது, வேகத்தையும் சேர்த்துத் தர வேண்டுமென்று ஸ்கிரிப்ட் எழுதுபவர்கள் கேட்கிறார்கள். ஸ்டிரிங்குக்குப் பதில் டேபிள் தந்தால் மேலே காட்டிய தடைக்கால விதியின் வாடை ஒப்பீடு சத்தமில்லாமல் பொய்யாகிவிடும். அதனால் வேகத்தை இரண்டாவது ரிட்டர்ன் மதிப்பாகச் சேர்க்கிறோம், ஒப்பீட்டில் முதல் மதிப்பு மட்டுமே எடுக்கப்படும் என்பதால் பழைய கோப்புகள் அப்படியே ஓடும்.